ஹெரால்டுக்கு ஓர் இன்ஜின்

எங்கள் ஹெரால்டு காரின் கனெக்டிங் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது சிறுமலை ஏற்றத்தில், பாதிக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய பிறகு. முதலில் ஒரு தட்டல். நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் இன்னொரு தட்டல். அப்புறம் இரும்புச் சட்டியைப் பாறையில் ஓங்கி அடித்ததுபோல் ஒரு சத்தம். ரோடெல்லாம் ஆயில். மேலே சாமான் இறக்கிவிட்டுக் காலியாக வந்த மினி லாரிக்காரர் ஒருவர் நாலு பேரைச் சேர்த்துத் தூக்கி ஏற்றித் திண்டுக்கல்லில் கொண்டுவந்து விட்டார்.

பழநி ரோட்டில் உள்ள பட்டறையில் வண்டியை இறக்கியதும் மெக்கானிக் அண்ணன் செய்த முதல் காரியம் பானட்டைத் திறந்ததுதான். ஹெரால்டின் பானட்டைத் திறப்பதைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மற்ற கார்களைப்போல் நடுவில் ஒரு மூடி மட்டும் எழும்புவதில்லை. விளக்குகள், மட்கார்டுகள் எல்லாவற்றோடும் வண்டியின் முகம் முழுவதும் முன்பக்கக் கீலில் கவிழ்ந்து திறக்கும். இன்ஜின், ரேடியேட்டர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அண்ணன் அப்படித்தான் உட்கார்ந்தார். பிளாக்கில் இருந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "இது இனி ஆகாது தம்பி. வேற நெஞ்சுதான் வைக்கணும்" என்றார்.

எந்த நெஞ்சு? அந்தக் கேள்வியோடு எட்டு மாதம் வாழ்ந்தேன். பழைய கார்மேல் ஆசை வைத்தவர்களுக்கு அதைவிட இனிப்பான கேள்வி வேறில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் மண்ணில் உருவான வண்டி. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்ததை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்து விற்றது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அதைக் குடும்பக் கார் என்று நினைத்துத்தான் நம் அப்பாக்கள் வாங்கினார்கள். ஆனால் அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கி, மேலே தாழ்ந்த உடல் வைத்துத்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை டிரையம்ஃப் செய்தது. பின்னால் வந்த ஜிடி6க்கும் அதே சட்டம்தான் அடித்தளம். ஆகவே நான் ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் வைத்துப் பேசுவதில் மிகை எதுவும் இல்லை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது. சிறுமலை வளைவில் பஸ்காரர் மூச்சுப் பிடித்துத் திருப்பும் இடத்தில் ஹெரால்டு ஒரே சுழற்சியில் சுழன்று போகும்.

வண்டி பட்டறையில் நிற்கும் செய்தி பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அம்பாசிடருக்கு டீசல் இன்ஜின் மாற்றிப் பார்த்த தலைமுறை இது. ஜீப்புகளில் எத்தனை விதமான டீசல் இன்ஜின்கள் ஏறி இறங்கின என்பதை மலையடிவாரத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்கள். ஒருவர் டீசல் என்றார். ஒருவர் மாருதி ஜிப்ஸியின் இன்ஜின் என்றார். ஒருவர், அவ்வளவு தூரம் போயாகிவிட்டது, இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வைத்துவிடு என்றார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்: "குருவி தலையில பனங்காய வைக்காதீங்க."

மாற்று இன்ஜின் தேடும் எவரும் முதலில் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எடை எவ்வளவு, அந்த எடை முன் அச்சுக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா, எந்தச் சுழற்சியில் இழுவை பிறக்கிறது, பின் அச்சு எவ்வளவு தாங்கும், எவ்வளவு வெப்பத்தைக் கக்கும். இவை தெரிந்தால் குதிரைத்திறன் தானே தன் இடத்தில் வந்து உட்காரும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இன்னொரு சென்னைக் கார். அதன் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1976இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 வந்தது. நீண்ட மூக்கும் சரிந்த முதுகுமாக, ஃபெராரியின் சாயலில் வடித்த ஐந்து கதவு கார். உள்ளே 3,528 சிசி அலுமினிய வி8, 155 குதிரைத்திறன். 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் பெற்றது. அந்த உடலின் உரிமையை வாங்கி, 1985இல் சென்னையில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். பார்த்தவர்கள் கண்ணெடுக்க முடியாத அழகு. ஆனால் பானட்டுக்குள் வி8 இல்லை. ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து 1,991 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. திறன் 80ஐச் சற்றே தாண்டும். வண்டியின் எடையோ 1,300 கிலோவுக்கு மேல். இழுக்கவில்லை, பெட்ரோலைக் குடித்தது, விலையும் அதிகம். மூன்று நான்கு ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. அந்த நிறுவனத்தின் கார்த் தொழிலும் அதோடு முடிந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இன்ஜினைத் திட்டுவார்கள். எனக்கு அது பொறுக்காது. அந்த இன்ஜின் யார் என்று தெரிந்தால் திட்ட மாட்டார்கள். ஈரச் சிலிண்டர் லைனர்கள் கொண்ட, எளிதில் கழற்றிப் பூட்டக்கூடிய, அசைக்க முடியாத இரும்பு அது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இதே குடும்பத்து இன்ஜின்தான் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. ஒட்டன்சத்திரத்துக் காடுகளில் இன்று ஓடும் சிவப்பு மாஸி ஃபெர்குசனுக்குப் பாட்டன் அந்தச் சாம்பல் டிராக்டர். அதே குடும்பத்தின் 1,991 சிசி வடிவம், 83 மில்லிமீட்டர் போர், 92 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரண்டு கார்புரேட்டர், 90 குதிரைத்திறன் என்று டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியது. 1953இல் பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையில், காற்றுக்கு வழிவிடும்படி தயார்செய்த ஒரு டிஆர்2 மணிக்கு 124 மைல் தொட்டது. கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். மார்கன் பிளஸ் ஃபோரும் இந்த இன்ஜினை வாங்கிப் போட்டுக்கொண்டது.

ஆக, டிராக்டரில் உழைப்பாளி, 900 கிலோவை ஒட்டிய டிஆர்2இல் பந்தயக்காரன், ஸ்டாண்டர்டு 2000இல் மூச்சிரைக்கும் கிழவன். இரும்பு ஒன்றுதான். அதைத் தூக்கி வைத்த இடங்கள் வேறு. இன்ஜினில் குற்றமில்லை, பொருத்தத்தில் குற்றம்.

காண்டெசாவை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதன் உடல் வாக்ஸால் விக்டரிலிருந்து வந்தது. பிறந்த ஊரில் அந்த உடலுக்கு 1,759 சிசி முதல் 3.3 லிட்டர் வரை இன்ஜின்கள் இருந்தன. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் அதை வெளியிட்டபோது உள்ளே வைத்ததோ அம்பாசிடரின் 1,489 சிசி, ஏறத்தாழ 50 குதிரைத்திறன். ஸ்டாண்டர்டு 2000 செய்த அதே தவறு. ஆனால் இவர்கள் சில ஆண்டுகளில் திருத்திக்கொண்டார்கள். இசுஸுவின் 1,817 சிசி இன்ஜின், 88 குதிரைத்திறன், ஐந்து கியர். அந்த இன்ஜின் ஏறிய நாளில்தான் காண்டெசா காண்டெசா ஆனது. இன்றும் ஊர்களில் அந்தப் பெயரைச் சொன்னால் நடுத்தர வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவது அந்த 1.8க்காகத்தான்.

உலகப் புகழ்பெற்ற ஓர் இன்ஜின் மாற்றமும் ஒரு தேவையில் பிறந்ததுதான். பிரிஸ்டல் நிறுவனம் 1961இல் தன் ஆறு சிலிண்டர் இன்ஜினை நிறுத்தியதால் ஏசி ஏஸ் என்ற சிறிய ஆங்கிலக் காருக்கு நெஞ்சு இல்லாமல் போனது. அமெரிக்கப் பந்தய வீரர் கேரல் ஷெல்பி அதில் ஃபோர்டின் வி8ஐ வைத்தார். 1962இல் கோப்ரா பிறந்தது. வி8 என்றதும் பனங்காய் என்று தோன்றும். ஆனால் ஃபோர்டு அப்போதுதான் மெல்லிய சுவர் வார்ப்பில் அந்தச் சிறிய வி8ஐச் செய்திருந்தது. அளவுக்கு எடை குறைவு. அதனால்தான் அது குருவி தலையில் நின்றது. பிறகு 427 கன அங்குல இன்ஜினை வைக்க ஆசைப்பட்டபோது, ஷெல்பியும் அடிச்சட்டத்தின் குழாய்களைத் தடிப்பாக்கி, இலை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட்டு, ஏறக்குறைய புது வண்டியே செய்ய வேண்டியிருந்தது. இதை நம் ஊர் நண்பர்களிடம் சொன்னால் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் ஹெரால்டுக்கு வருகிறேன். உள்ளே இருந்தது 948 சிசி. 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 35ஐ ஒட்டிய குதிரைத்திறன். இந்தியாவில் கடைசிவரை இதே இன்ஜின்தான். இங்கிலாந்தில் இதன் தம்பிகள் பிறந்தார்கள். ஸ்ட்ரோக் அப்படியே 76. போரை மட்டும் 69.3க்குப் பெருக்கினால் 1,147 சிசி. 73.7க்குப் பெருக்கினால் 1,296. ஒரு பிளாக்கின் சுவருக்குள் இவ்வளவு எதிர்காலத்தை ஒளித்து வைத்துச் செய்திருக்கிறார்களே என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். கடைசியில் போருக்கு இடமில்லாமல் ஸ்ட்ரோக்கை 87.5க்கு நீட்டி 1,493 ஆக்கினார்கள். அங்கேதான் இனிமை போனது. நீண்ட ஸ்ட்ரோக்கைத் தாங்கக் கிராங்குக்கு மூன்றே மூன்று மெயின் பேரிங். அதை விரட்டி ஓட்டினால் பெரிய முனை பேரிங்குகள் தின்றுபோகும். எண்ணிக்கையில் பெரியது அந்த 1,493. சுவையில் பெரியது 1,296. அதன் முதல் வடிவம், சிறிய ஜர்னல் கிராங்க் கொண்டது, சுழற்சி ஏற ஏறத் துணி கிழிவதுபோல் ஒரு சீரான ஓசை தரும். ஸ்பிட்ஃபயரில் அது 75 குதிரைத்திறன் தந்தது. ஒருமுறை கோவையில் அந்த ஓசையைக் கேட்டேன். ஆள் வண்டியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

தம்பிகளில் ஒருவனைப் போட்டால் பானட்டுக்குள் ஒரு துளையும் புதிதாகப் போட வேண்டாம். அதே மவுண்டிங், அதே கியர்பாக்ஸ் முகம். ஆனாலும் 1,296க்கு நான் தயங்கினேன். காரணம் ஹெரால்டின் பின்சக்கரங்கள். குறுக்கே ஓர் இலை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஊசலாடும் அரை அச்சுகள். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கி, சக்கரங்கள் உள்ளே மடங்கும். வால் வெளியே வீசும். 35 குதிரைத்திறனில் இது தெரியாது. 75இல் சிறுமலை இறக்கத்தில் இது தெரிந்தால், தெரிந்துகொள்ள ஆள் இருக்கமாட்டான். இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போது பின் அச்சிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஜிப்ஸியின் 1,298 சிசியை நான் எளிதில் ஒதுக்கவில்லை. மாருதி 1000, எஸ்டீம் வண்டிகளில் இதே குடும்பத்து இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரங்களை இழுக்கும். ஹெரால்டுக்கு அது உதவாது. ஜிப்ஸியில் அது நேராக நின்று பின்னால் ஷாஃப்ட்டை ஓட்டும், ஹெரால்டைப்போலவே. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால் மூக்கில் எடை குறையும். ராணுவ ஏலத்தில் வந்த வண்டிகளின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. நான்கு சிலிண்டரும் ஊசியில் நூல் கோத்தாற்போல் ஓடும். இப்படிச் சிறிய மாருதி இன்ஜினை நம்பியவர்களில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உண்டு. கோவையின் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். மூன்று சிலிண்டர், 40ஐத் தொடாத குதிரைத்திறன். ஆனால் வண்டியை அதற்கேற்ற எடையில் செய்ததால் அது பறந்தது. நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டிப் பழகித்தான் 2005இல் ஃபார்முலா ஒன் களத்தில் நின்ற முதல் இந்தியரானார். இருப்பதில் எளியதை எடுத்து, அதைச் சுற்றி வண்டியைச் சிந்தித்தவர் கரிவரதன். அவருடைய தேர்வை நான் ஷெல்பியின் தேர்வுக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

ஆனால் ஜிப்ஸி இன்ஜின் என்றால் மவுண்டிங் புதிது, சம்ப்பின் வயிறு குறுக்குச் சட்டத்தில் இடிக்காமல் வெட்டி ஒட்ட வேண்டும், எக்ஸாஸ்ட் வேறு வழி போக வேண்டும், ஷாஃப்ட்டின் நீளம் மாற வேண்டும். பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்வதென்றால் நடுவில் ஓர் அடாப்டர் தகடு வேண்டும். இந்த இடத்தில்தான் கைவினை வெளிப்படும். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் பேரிங் ஊளையிடத் தொடங்கும், கிளட்ச் பிடிக்கும்போது நடுங்கும். எங்கள் ஊருக்கு இந்த நுட்பம் புதிதல்ல. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்குள் இருக்கும் நெம்புகள் ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி ராவித்தான் சாவிக்குப் பொருத்துகிறார்கள். லேத் பட்டறையில் அந்தத் தகட்டை வைத்து டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளையும், நாகல்நகர்ப் பக்கம் பூட்டு ராவும் பெரியவரையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தேன். இருவர் முகத்திலும் ஒரே அமைதி.

டீசலைப் பற்றி ஒரு வரி போதும். ஹெரால்டின் மூக்கில் டீசல் இரும்பை ஏற்றுவது பாவம்.

நிலமும் ஒரு வாக்குச் சொல்லும். சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லில் இருந்து பழநிவரை மத்தியான வெயிலில் ஓடிப் பாருங்கள். வெப்பத்தை வெளியேற்ற முடியாத எந்த இன்ஜினும் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் முனகும். பெரிய இன்ஜினை வைத்துவிட்டு ரேடியேட்டரை அப்படியே விடுகிறவர்கள் அங்கேதான் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். அதே வண்டியை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏற்றினால் வேறு சோதனை. 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, கார்புரேட்டர் இன்ஜின் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அங்கே வேண்டியது உச்சத் திறன் அல்ல, 2,000 சுழற்சியில் முணுமுணுக்காமல் இழுக்கும் குணம். சமவெளியின் வெயிலையும் மலையின் மெலிந்த காற்றையும் ஒரே நாளில் சந்திக்கும் வண்டிக்கு நடுவாந்திரமான இன்ஜின்தான் அழகு. 1,147 அப்படிப்பட்டது. என் விருப்பத்தை மட்டும் கேட்டால் அதுதான் என் தேர்வு. 948இன் பொறுமையும் 1,296இன் துடிப்பும் அதில் பாதிப்பாதி இருக்கின்றன. பின் அச்சும் அதைத் தாங்கும்.

ஆனாலும் எங்கள் ஹெரால்டில் 1,147 ஏறவில்லை. சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. எந்த இன்ஜின் மாற்றினாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே போய் நிற்பதுதான் முறை. இன்னொன்றும் உண்டு. 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டைத் தாண்டிய வண்டியைப் பாரம்பரிய வாகனமாக விஏ எழுத்தோடு பதியலாம். அடிச்சட்டம், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் ஹெரால்டுக்கு அந்த வயது ஆகிவிட்டது. என் காதுக்குச் சுகம் தேடி அதன் பிறப்புரிமையைக் கெடுக்க மனம் வரவில்லை.

அப்படியானால் இன்னொரு 948 வேண்டும். எங்கே போவது? அப்போதுதான் அண்ணன் நினைவுபடுத்தினார்: ஹெரால்டுக்கு முன்னால் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு டென்னிலும் இதே 948தான். ஹெரால்டைத் தேடாதே, டென்னைத் தேடு என்றார். தேடினோம். சின்னாளபட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்துக் கொட்டகையில், உரச் சாக்குகளுக்குப் பின்னால், பாதி மண்ணில் புதைந்து ஒரு டென்னின் இன்ஜின் கிடந்தது. பிஸ்டன்கள் இறுகியிருந்தன. பிளாக்கில் மட்டும் விரிசல் இல்லை. தோட்டத்துக்காரர், "இரும்புக் கடைக்காரர் நாளைக்கு வர்றதாச் சொல்லியிருக்கார் சார்" என்றார். ஒரு நாள் பிந்தியிருந்தால் அது உருகியிருக்கும்.

போர் அடித்து ஸ்லீவ் போட்டு, கிராங்கைக் கிரைண்ட் செய்து, வால்வு சீட்டுகளைப் புதிதாக வைத்து, மூன்று மாதம். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது அண்ணன் பானட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, பழையபடி முன்டயர்மேல் உட்கார்ந்து, ஒரு நீளத் திருப்புளியின் முனையை பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பேரிங், டேப்பட், டைமிங் செயின் என்று ஒவ்வோர் இடமாக நகர்த்தினார். நான்காவது சிலிண்டருக்கு வந்ததும் தலையை ஆட்டினார். சரி என்று அர்த்தம். அடுத்த வாரம் அதே மினி லாரிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சிறுமலைக்குப் போய் வந்தேன். 18 வளைவுகளும் ஏறினோம். பெரும்பாலும் இரண்டாம் கியர்தான். வேகம் ஒன்றுமில்லை. வண்டி எங்கேயும் தயங்கவுமில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பழநி என்று எந்தப் பக்கமானாலும், உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், ஹெரால்டு இன்ஜின் எதுவும் கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு சாக்கை விரித்து அதன்மேல் தூக்கி வையுங்கள், சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயிலை ஊற்றி மூடி வையுங்கள். உங்கள் ஊரில் உள்ள பழைய கார் மெக்கானிக்கிடம் அது இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள்.